டி.எஸ்.ஆர். ஒரு லேபில் 84, இன்னொன்றில் 71: எதை நம்புவது?

சைட்லேப் | 4 நவம்பர் 2024, காலை 9.12

பி.சி. லேயர் (ரோட்டின் மேல் தார்க்கலவை அடுக்கு), விஜி 40 தார், சார்னோகைட் ஜல்லி, ஃபில்லருக்கு (இடைவெளி நிரப்பும் நுண்பொடிக்கு) கிரஷர் தூசி. ஜே.எம்.எஃப். (கலவை விகிதம்) ஒன்றுதான். ஒரு லேப் டி.எஸ்.ஆர். (நனைத்த சாம்பிளின் இழுவிசை வலிமை, உலர்ந்ததில் எத்தனை சதவீதம் என்பது) 84 கொடுத்திருக்கிறது, இன்னொரு லேப் 71. மோர்த் (மத்திய சாலைத் துறை விதிநூல்) கேட்பது குறைந்தது 80. கான்ட்ராக்டர் 84-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்னையில் ஐஸைப் பார்க்க ஜூஸ் கடைக்குத்தான் போக வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் வைத்து உடைக்கும் டெஸ்டுக்கும் நம் ஊர் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ரீசரை விட்டுவிட்டால் 71 பாஸ் ஆகிவிடாதா?


புளூமெட்டல் | 4 நவம்பர் 2024, காலை 11.40

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஃப்ரீசர் பனிக்காக வைத்தது மட்டும் இல்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9% விரியும். கலவைக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் விரிந்து, ஜல்லிக்கும் தார்ப்படலத்துக்கும் நடுவே உள்ள பிடியைத் தள்ளிப் பார்க்கும். நனைந்த ரோட்டில் லாரி டயர் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீரும் அழுத்தத்தால் அதே வேலையைத்தான் செய்கிறது, சிறிது சிறிதாக, லட்சம் தடவை. லேபில் அதை ஐந்து நாளில் முடிக்க ஒரு முரட்டு வழி வேண்டும். ஃப்ரீசர் அந்த முரட்டு வழி.

இந்த டெஸ்ட் இரண்டு பேர் வழியாக வந்தது. லாட்மன் 1978-இல் அறிக்கை கொடுத்தார். அதில் வாக்குவம் (காற்றை உறிஞ்சித் தண்ணீரை உள்ளே இழுப்பது), உறைநிலை, சூடான தண்ணீர் எல்லாம் உண்டு. டன்னிக்ளிஃப், ரூட் இருவரும் 1984-இல் உறைநிலை இல்லாமல், சாச்சுரேஷன் அளவை (காற்றிடத்தில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்பதை) கட்டுப்படுத்தி ஒரு முறை சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்ததுதான் ஆஷ்டோ டி 283 என்ற அமெரிக்க முறை. மோர்த் 2013 பதிப்பு கேட்பதும் அதைத்தான். ஃப்ரீசரை எடுத்துவிட்டால் நீங்கள் செய்தது வேறு டெஸ்ட். அதை டி 283 என்று எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு இரண்டு லேபின் முழு ஷீட்டும் வேண்டும். விகிதத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உலர் வலிமை, ஈர வலிமை, ஒவ்வொரு சாம்பிளின் வாய்ட்ஸ் (காற்றிட சதவீதம்), சாச்சுரேஷன் நான்கையும் போடுங்கள்.


பிளாண்ட்காரன் | 4 நவம்பர் 2024, மதியம் 1.05

அண்ணே, சார்னோகைட்டுன்னா நம்ம பல்லாவரம் கல்லுதானே?


புளூமெட்டல் | 4 நவம்பர் 2024, மதியம் 1.31

அதேதான். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல். பேர் மட்டும் கல்கத்தா. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்த கல் இந்த ஜாதி என்று பார்த்து, புவியியலாளர் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பேரை வைத்தார். கல்லறைக் கல்லைத்தான் ரோட்டில் போடுகிறோம்.

விளையாட்டு இருக்கட்டும். அதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அதிகம். சிலிக்கா மிகுந்த கல்லின் முகம் தாரை விடத் தண்ணீரைத்தான் விரும்பும். சுண்ணாம்புக்கல்லில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே 71 வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 84-ஐத்தான் சோதிக்க வேண்டும்.


சைட்லேப் | 5 நவம்பர் 2024, காலை 10.20

ஷீட் வந்தது.
லேப் ஒன்று: உலர் 520 கிலோபாஸ்கல், ஈரம் 437. சாச்சுரேஷன் சராசரி 58%.
லேப் இரண்டு: உலர் 905, ஈரம் 643. சாச்சுரேஷன் 76%.
இரண்டும் மார்ஷல் மோல்டு (சுத்தியலால் அடித்துச் சாம்பிள் செய்யும் அச்சு), விட்டம் 101.6 மி.மீ. வாய்ட்ஸ் விவரம் லேப் இரண்டில் மட்டும்தான் இருக்கிறது. ஒன்றிடம் கேட்டிருக்கிறேன்.


புளூமெட்டல் | 5 நவம்பர் 2024, காலை 11.15

பாருங்கள். பாஸான லேபின் உலர் சாம்பிள், ஃபெயிலான லேபின் ஈர சாம்பிளை விட பலவீனம். 520 எங்கே, 643 எங்கே. விகிதத்துக்கு இதெல்லாம் கண்ணில் படாது. ஏற்கெனவே தொளதொளவென்று இருப்பதை நனைத்தால் இழக்க அதிகம் இல்லை, 0.84 வந்துவிடும்.

உலர் 520 ஏன் இவ்வளவு கீழே? என் முதல் சந்தேகம் வெப்பநிலை. உடைப்பதற்கு முன் எல்லா சாம்பிளும் 25 டிகிரி தண்ணீரில் 2 மணி நேரம் இருக்க வேண்டும், உலர் செட் தண்ணீர் புகாத கனமான பையில். பல இடங்களில் உலர் சாம்பிளை மேஜையிலேயே வைத்துவிடுகிறார்கள். அறை 33 டிகிரி என்றால் தார் இளகி உலர் வலிமை இறங்கும். ஈர செட் மட்டும் 25-இல் இருந்து வரும். விகிதம் தானாக ஏறும். யாரும் ஏமாற்ற வேண்டியதே இல்லை, மின்விசிறிக்குக் கீழே வைத்தாலே போதும்.

அடுத்தது 58%. 55 முதல் 80 வரை அனுமதி என்பதால் அதில் தவறில்லை. ஆனால் 76-க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.


கன்சல்டன்ட்77 | 5 நவம்பர் 2024, மாலை 4.48

55–80 பழைய எண். இப்போது டி 283-இல் 70–80. 55–80 இருப்பது ஏ.எஸ்.டி.எம். டி 4867 என்ற வேறு முறையில்.


புளூமெட்டல் | 5 நவம்பர் 2024, மாலை 5.10

சரிதான், நான் பழையதைச் சொல்லிவிட்டேன். மேலே எழுதிய கடைசிப் பத்தியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 58% என்றால் அந்த சாம்பிள்கள் டி 283-க்குச் செல்லாது.

வாய்ட்ஸும் அப்படியே: முன்பு 7 கூட்டல் கழித்தல் 1, இப்போது 0.5. லேபில் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஷீட்டைப் படிப்பது நல்லது.


சைட்லேப் | 6 நவம்பர் 2024, காலை 9.30

70–80 பிடிப்பது அவ்வளவு கஷ்டமா? லேப் ஒன்று "வாக்குவம் கொடுத்தால் 85 போய்விடுகிறது, அதனால் குறைத்தோம்" என்கிறது.


புளூமெட்டல் | 6 நவம்பர் 2024, காலை 10.55

கஷ்டம்தான், குறிப்பாகச் சிறிய மோல்டில். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

101.6 மி.மீ. விட்டம், 63.5 மி.மீ. உயரம். கன அளவு சுமார் 515 கன செ.மீ. அதில் 7% என்றால் காற்று இருக்கும் இடம் 36 கன செ.மீ. 70% நிரம்ப 25.2 கிராம் தண்ணீர், 80% நிரம்ப 28.8 கிராம். நீங்கள் பிடிக்க வேண்டிய ஜன்னலே மூன்றரை கிராம். துண்டால் துடைப்பதில் ஒரு கிராம் அங்கே இங்கே போகும்.

அதே 150 மி.மீ. விட்டம், 95 மி.மீ. உயரம் என்றால் கன அளவு 1,679. காற்றிடம் 117.5. ஜன்னல் 82 முதல் 94 கிராம் வரை, கிட்டத்தட்ட 12 கிராம். ஜைரேட்டரி (சுழற்றி அழுத்தும் இயந்திரம்) இருந்தால் அதிலேயே செய்யச் சொல்வேன்.

வாக்குவத்தில் நடக்கும் பெரிய தவறு, ரைஸ் டெஸ்டுக்கு (அடிக்காத கலவையின் உச்ச அடர்த்தி எடுப்பது) வைத்த பம்பை அதே அமைப்பில் திறந்துவிடுவது. ரைஸுக்கு மிச்ச அழுத்தம் 4 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்க வேண்டும். இங்கே வேண்டியது 13 முதல் 67 கிலோபாஸ்கல் தனி அழுத்தம். கேஜில் சொன்னால் பாதரசம் 250 மி.மீ. முதல் 660 மி.மீ. வரை இறக்கம். கேஜ் காட்டுவது இறக்கமா மிச்சமா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 85% வருவதன் காரணம் பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான்.

செய்முறை: சாம்பிளை ஸ்பேசர் மேல் வைத்து, மேலே குறைந்தது 25 மி.மீ. தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். 250 மி.மீ. இறக்கத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். வாக்குவத்தை விட்டபின் இன்னொரு ஐந்து முதல் பத்து நிமிடம் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், தண்ணீர் உள்ளே போவது அப்போதும் நடக்கும். எடுத்து, ஈரத்துண்டால் துடைத்து எடை. குறைந்தால் 50 மி.மீ. கூட்டி மறுபடியும். 80-ஐத் தாண்டிவிட்டால் அந்த சாம்பிள் அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டும். காயவைத்து 78-க்குக் கொண்டுவருகிறேன் என்பது ஏமாற்று. தாண்டியபோதே உள்ளே சேதம் ஆகியிருக்கும்.


புளூமெட்டல் | 6 நவம்பர் 2024, மதியம் 12.20

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம். மோல்டு அளவை வைத்து 515 என்றேன். டெஸ்டில் எடுக்க வேண்டியது நனைத்துத் துடைத்தபின் காற்றில் எடை, தண்ணீருக்குள் எடை இரண்டின் வித்தியாசம். மேற்பரப்புப் பள்ளங்கள் அதில் சேராது. ஆகவே அது 505 பக்கம் வரும். ஜன்னல் அளவு பெரிதாக மாறாது.

ஆனால் மோல்டில் போடும் எடை மாறும், அதைச் சொல்லாமல் விட்டேன். ஜி.எம்.எம். (காற்றிடமே இல்லாத கலவையின் ஒப்படர்த்தி) 2.520 என்றால், 515-ஐ வைத்துக் கணக்கிட்டால் 1,207 கிராம் வரும். அதைப் போட்டு 63.5 உயரத்துக்கு அடித்தால், அளந்த கன அளவு 506 என்று வைத்துக்கொண்டால், வாய்ட்ஸ் 7 வராது, 5.3 வரும். 506-க்கு வேண்டியது 1,186 கிராம். இந்த இருபது கிராமில்தான் பாதி லேப் தடுக்கி விழுகிறது. முதல் இரண்டு சாம்பிளை டிரையலாகப் போட்டுத் திருத்திக்கொண்டு பிறகு செட்டைப் போடுங்கள். மார்ஷல் சுத்தியல் என்றால் 75 அடி போட்டால் டிசைன் வாய்ட்ஸ்தான் வரும், 4 பக்கம். அடி எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை மூன்று எண்ணிக்கையில் அடித்து கிராஃப் போட்டுத்தான் எடுக்க வேண்டும், கலவைக்குக் கலவை மாறும்.


பிளாண்ட்காரன் | 6 நவம்பர் 2024, இரவு 8.40

இவ்ளோ பாடுபட்டு ஏன் 7? ரோட்ல நாங்க அடிக்கிறதே 7தான்னு ஒத்துக்கிட்டாங்களா?


புளூமெட்டல் | 6 நவம்பர் 2024, இரவு 9.02

ஒத்துக்கொண்டார்கள்! ரோலர் போனபின் புது ரோட்டில் 6–8 தான் இருக்கும். தண்ணீருக்கும் அந்த இடம்தான் வசதி. 4-க்குக் கீழே தண்ணீர் உள்ளே போகாது, ரொம்பத் திறந்த கலவையில் தங்காமல் வடிந்துவிடும். நடுவில்தான் போய்த் தங்கும்.


சைட்லேப் | 8 நவம்பர் 2024, காலை 11.00

லேப் ஒன்று வாய்ட்ஸ் அனுப்பியது. உலர் செட் சராசரி 7.8. ஈர செட் 6.6. வெப்பநிலை விஷயம் கேட்டேன், உலர் செட்டும் பையில் போட்டு 25-இல் வைத்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. இன்னொன்று: அவர்கள் எடுத்தது பிளாண்ட் கலவை. லேப் இரண்டு லேபிலேயே கலந்தது.


புளூமெட்டல் | 8 நவம்பர் 2024, மதியம் 12.45

அப்படியானால் வெப்பநிலை பற்றி நான் சந்தேகப்பட்டது தப்பு. வாபஸ்.

இப்போது புரிகிறது. காரணம் மூன்று. முதல் இரண்டும் விகிதத்தை மேலே இழுக்கின்றன.

ஒன்று, குழு பிரித்தது. ஆறு சாம்பிளை வாய்ட்ஸ் வரிசையில் வைத்து, இரண்டு செட்டின் சராசரியும் ஒன்றாக வரும்படி பிரிக்க வேண்டும். இவர்கள் முதலில் அடித்த மூன்றை உலர், அடுத்த மூன்றை ஈரம் என்று எடுத்திருப்பார்கள். உலர் செட் தொளதொளப்பாக 7.8, ஈர செட் இறுக்கமாக 6.6. வாய்ட்ஸ் கூடினால் வலிமை குறையும், ஆக விகிதம் மேலே போகும். 7.8 என்பதே எல்லைக்கு வெளியே.

இரண்டு, 58% சாச்சுரேஷன். உள்ளே போன தண்ணீரே குறைவு, உறைந்தாலும் தள்ள ஆள் இல்லை.

மூன்று, கலவை. லேபில் கலந்ததை 2 மணி நேரம் ஆறவிட்டு, 60 டிகிரி ஓவனில் 16 மணி நேரம் வைத்து, பிறகு அடிக்கும் வெப்பநிலையில் 2 மணி நேரம். இதில் தார் மூப்படைந்து இறுகும். பிளாண்ட் கலவைக்கு அந்த 16 மணி நேரம் கிடையாது, முறையிலேயே இல்லை. ஆகவே 520-க்கும் 905-க்கும் உள்ள தூரத்தில் ஒரு பங்கு நியாயமானதே. மீதி வாய்ட்ஸ். ஆனால் லேப் கலவை எண்ணையும் பிளாண்ட் கலவை எண்ணையும் ஒரே மேஜையில் வைத்து எது சரி என்று கேட்க முடியாது.

84 செல்லாது. 71 செல்லும், லேப் இரண்டின் வாய்ட்ஸ் சரியாக இருந்தால்.


சைட்லேப் | 8 நவம்பர் 2024, மதியம் 1.10

லேப் இரண்டு: உலர் 7.1, ஈரம் 7.0.


புளூமெட்டல் | 8 நவம்பர் 2024, மதியம் 1.14

செல்லும்.


கன்சல்டன்ட்77 | 8 நவம்பர் 2024, மாலை 6.30

வலிமை ஃபார்முலாவில் வரும் பிழையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2000 பெருக்கல் விசை நியூட்டனில், வகுத்தல் பை பெருக்கல் உயரம் பெருக்கல் விட்டம். 9,000 நியூட்டன், 63.5, 101.6 என்றால் 888 கிலோபாஸ்கல். கிலோகிராம் விசையை நியூட்டனாக மாற்ற மறந்தாலும் விகிதம் மாறாது, அதனால் யாருக்கும் தெரியாது. வலிமை எண் மட்டும் பத்தில் ஒரு பங்காக வந்து நிற்கும். உயரத்தையும் எல்லாவற்றுக்கும் 63.5 என்று போடாமல் ஒவ்வொரு சாம்பிளிலும் அளக்க வேண்டும்.


புளூமெட்டல் | 8 நவம்பர் 2024, இரவு 7.05

ஆமாம். கூடவே, மார்ஷல் பிரேக்கிங் ஹெட்டில் வைத்து உடைப்பவர்கள் உண்டு. அது ஸ்டெபிலிட்டி (நசுங்காமல் தாங்கும் பலம்), இழுவிசை இல்லை. இதற்குத் தனி ஹெட், மேலும் கீழும் வளைந்த பட்டை: 100 மி.மீ. சாம்பிளுக்கு 12.7 மி.மீ. அகலம், 150-க்கு 19 மி.மீ. வேகம் நிமிடத்துக்கு 50 மி.மீ., அதனால் மார்ஷல் பிரஸ்ஸே போதும்.

உடைத்தபின் எழுந்து போய்விடாதீர்கள். இரண்டாகப் பிளந்து முகத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் விகிதத்தை விட அந்த முகம் அதிகம் சொல்லும். ஜல்லி வெள்ளையாகத் தெரிந்தால் அது பிடி விட்டதா, கல்லே உடைந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உடைந்த கல்லின் முகம் புதிதாக, கூராக இருக்கும். உரிந்த கல்லில் அதன் பழைய மேற்பரப்பு அப்படியே, ஓரத்தில் பழுப்பாகத் தார்க்கறையோடு தெரியும். உடைந்த கல்லை உரிந்தது என்று கணக்கு எழுதுவது அடிக்கடி நடக்கிறது. பெரிய ஜல்லி கறுப்பாகவே இருந்து, நடுவில் உள்ள பொடி மட்டும் வெளுத்திருந்தால் பிரச்சினை தூசியில்.


சைட்லேப் | 11 நவம்பர் 2024, காலை 9.50

லேப் இரண்டின் போட்டோ பார்த்தேன். நீங்கள் சொன்ன கடைசி வகை. பெரிய ஜல்லி கறுப்பு, பொடி வெளுப்பு. கான்ட்ராக்டர் ஐ.எஸ். 6241 (ஜல்லியில் தார் ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட் காட்டுகிறார், 98% கோட்டிங்.


புளூமெட்டல் | 11 நவம்பர் 2024, காலை 10.35

ஐ.எஸ். 6241-இல் எடுப்பது 20 மி.மீ. சல்லடை தாண்டி 12.5-இல் நிற்கும் கல் 200 கிராம். 5% தார், பீக்கரில் தண்ணீர், 40 டிகிரி, 24 மணி நேரம், பிறகு கண்ணால் பார்த்துச் சதவீதம். அதில் தூசியே இல்லை. உங்கள் பெரிய கல் நல்ல கல்தான், ரிப்போர்ட் பொய் இல்லை. குற்றவாளியை அந்த டெஸ்டுக்கு அழைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

கிரஷர் தூசியின் சேண்ட் ஈக்விவலன்ட் (களிமண் கூடினால் குறையும் எண்) பாருங்கள், 50-க்குக் கீழே கூடாது. ஃபில்லரின் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (களித்தன்மை எண்) 4-ஐத் தாண்டக் கூடாது. குவாரி மேல்மண் கலந்த தூசியில் களிமண் இருக்கும். தார் களிமண்ணின் மேல் ஒட்டும், களிமண் தண்ணீரில் கரையும், தாரும் கூடவே போகும்.


பிளாண்ட்காரன் | 11 நவம்பர் 2024, மதியம் 2.15

லிக்விட் ஆன்டி ஸ்டிரிப்பிங் (தார் உரியாம இருக்க மருந்து) போட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?


புளூமெட்டல் | 11 நவம்பர் 2024, மாலை 3.40

தம்பி, களிமண் இருந்தால் அதுவும் களிமண்ணில்தான் ஒட்டும். தூசியைச் சரிசெய்தபின்தான் அது.

அளவைப் பாருங்கள். ஒரு டன் கலவையில் 5% தார் என்றால் 50 கிலோ. அதில் 0.3% மருந்து 150 கிராம். 150 கிராம் ஒரு டன்னில் சமமாகப் பரவ வேண்டும். டேங்கில் ஊற்றிக் கலக்காமல் விட்டால் ஒரு லோடில் அத்தனையும், அடுத்த லோடில் ஒன்றுமில்லை. 160 டிகிரியில் நாள்கணக்கில் கிடந்தால் பல அமீன் மருந்துகளின் வீரியமும் போய்விடும். டெஸ்டுக்குப் புதிதாகக் கலந்த தாரை மட்டும் எடுக்காமல், டேங்கில் கிடந்ததையும் எடுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பு 2% என்றால் டன்னுக்கு 20 கிலோ. அந்த அளவு தூசியைக் குறைத்துவிட்டுப் போட வேண்டும், மேலே சேர்க்கக் கூடாது. தாரில் உள்ள அமிலங்கள் கல்லில் ஒட்டினாலும் தண்ணீர் வந்து பிடுங்கிவிடும். சுண்ணாம்பின் கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத உப்பாகிக் கெட்டியாகப் பிடிக்கும். களிமண்ணையும் ஓரளவு அடக்கும். நீறாத சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், ரோட்டுக்குள் நீறி உப்பும். டிரம் பிளாண்டில் உலர்ந்த பொடியாகக் கொட்டினால் பாதி பேக் ஃபில்டருக்கு (தூசி வடிகட்டும் பைக்கு) போகும். பேட்ச் பிளாண்டில் ஃபில்லர் வழியாக நேராக மிக்ஸருக்கு விடலாம்.

என் தேர்வு உங்கள் கேஸில் சுண்ணாம்பு.


கன்சல்டன்ட்77 | 12 நவம்பர் 2024, காலை 8.15

ஹாம்பர்க் (தண்ணீருக்குள் சாம்பிள் மேல் சக்கரம் ஓட்டும் மெஷின்) கிடைத்தால் அதையும் ஓட்டுங்கள். ஸ்டீல் சக்கரம், 705 நியூட்டன், 47 மி.மீ. அகலம், நிமிடத்துக்கு 52 ஓட்டம், 50 டிகிரி தண்ணீருக்குள். 20,000 ஓட்டம் முடிய ஆறரை மணி நேரத்துக்குள்தான்.


புளூமெட்டல் | 12 நவம்பர் 2024, காலை 9.20

ஐந்து நாளுக்கு ஆறரை மணி, ஆசையாகத்தான் இருக்கிறது. கிராஃபில் முதலில் மெதுவாக இறங்கும், பிறகு ஓர் இடத்தில் சடாரென்று இறங்கும். இரண்டு சரிவும் சந்திக்கும் புள்ளிதான் உரிதல் தொடங்கும் இடம். ஆனால் இளகிய தார் இருந்தால் வெறும் பள்ளமே அப்படிக் காட்டும். தண்ணீர் கலங்கி, பொடி அடியில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தால்தான் உரிதல் என்று எழுதலாம். மோர்த் கேட்கும் எண்ணுக்கு அது மாற்று இல்லை. சுண்ணாம்பு 1.5-ஆ 2-ஆ என்று முடிவெடுக்க உதவும்.

அதைவிட மலிவு கொதிநீர் டெஸ்ட், பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் கோட்டிங் பார்ப்பது. பிளாண்டிலேயே தினமும் செய்யலாம். மருந்து விழுகிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும்.


சைட்லேப் | 13 நவம்பர் 2024, மாலை 5.30

சேண்ட் ஈக்விவலன்ட் 41. தூசியை மாற்றச் சொல்லிவிட்டேன், சுண்ணாம்பு 2%. லேப் இரண்டிலேயே மறுபடியும். நாளை கலக்கத் தொடங்கலாமா?


புளூமெட்டல் | 13 நவம்பர் 2024, மாலை 6.05

நாளை வியாழன். வேண்டாம்.

வியாழன் கலந்தால் இரவு ஓவன். வெள்ளி அடித்து, 24 மணி நேரம் வைக்க வேண்டும். சனி வாய்ட்ஸ், வாக்குவம், சாயங்காலம் ஃப்ரீசர். ஞாயிறு காலை 60 டிகிரி பாத், திங்கள் காலை 25-க்கு மாற்றி 2 மணி நேரம் கழித்து உடைக்க வேண்டும். ஞாயிறு காலை ஃப்ரீசரில் இருந்து எடுக்க லேபில் யார் வருவார்கள்? சனி இரவே வாட்ச்மேனை எடுத்துப் போடச் சொல்வார்கள், 16 மணி நேரம் ஆகியிருக்காது.

திங்கள் கலந்தால் வெள்ளி உடைக்கலாம். தவறித் தாமதமானால் காத்திருக்கவேண்டிய இடம் ஃப்ரீசர். அங்கே 16 மணி நேரம் என்பது குறைந்தபட்சம்தான். 60 டிகிரி பாத்தில் அப்படி இல்லை, 24 கூட்டல் கழித்தல் 1. பையில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் கட்டியிருப்பார்கள், பாத்தில் இறக்கியதும் பையையும் பிளாஸ்டிக் சுற்றையும் கழற்ற மறக்க வேண்டாம். அடியில் தட்டையான துளைத்தட்டு இருக்கட்டும், கம்பி வலை மேல் வைத்தால் 60 டிகிரியில் சாம்பிள் வளைந்துவிடும்.

ஆறு போதாது, எட்டு போடச் சொல்லுங்கள். இரண்டு வாக்குவத்துக்குப் பலி.


பிளாண்ட்காரன் | 13 நவம்பர் 2024, இரவு 9.12

எட்டு இல்லண்ணே, ஒம்போது. ஒண்ணு தூக்கும்போது கீழ விழும்.